போடாத சாதிக்காய்

பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தவரத்தினம் அங்கிளுக்கு ஒரே மகள் சுபாங்கி. அவளை எனக்குத் தரலாமா என்று பார்க்க, ஒரு சனிக்கிழமை பின்னேரம் என்னைக் கடைக்கே வரச் சொல்லியிருந்தார். அரிசி மூட்டையில் இருத்தினார். மரியாதைதான், பாஸ்மதி மூட்டை.

"தம்பி என்ன படிக்கிறீர்?"

"எலி, அங்கிள்."

பலசரக்குக் கடையில் சொல்லும் சொல்லல்ல அது. அங்கிள் வாசலைப் பார்த்தார்.

"மெதுவாச் சொல்லும்."

மெதுவாகச் சொன்னேன். எலி, சுண்டெலி, அணில் எல்லாவற்றின் உடம்பிலும் எப்போதோ பழுதாகிப்போன மரபணுக்கள் உண்டு. ஒரு வேலையும் செய்யாது. ஆனாலும் தாய் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

"சோதினையிலை ரெண்டு பேர் சரியா எழுதினா, ரெண்டு பேரும் படிச்சிருக்கலாம். ஒரே இடத்திலை ஒரே பிழை விட்டா? அப்பிடித்தான் அங்கிள், ஒரே பழுது இருக்கிற ரெண்டும் கிட்டின சொந்தம்."

அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

"எங்கட அம்மா கறித்தூளுக்குச் சரக்கு வறுக்கேக்கை, ஒரு சாதிக்காயைச் சட்டிக்கு மேலை மூண்டு தரம் சுத்திப்போட்டு, போடாமல் திரும்பப் போத்திலுக்கை வைப்பா. நான் பிறந்த நாளிலையிருந்து அதே சாதிக்காய். ஏனெண்டு ஆருக்கும் தெரியாது. அந்த மாதிரி."

முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்த சுபாங்கியின் அம்மா யோகராணி அன்ரி நிமிர்ந்தார்.

"என்ரை அம்மாவும் அப்பிடித்தான். நானும் அப்பிடித்தான்."

"அப்ப தம்பி எங்கட சொந்தம்!" என்று அங்கிள் துள்ளினார்.

"என்ன முறை?" என்றார் அன்ரி.

நான் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தேன். என் அம்மா அதைத் தன் தாயிடம் பழகியிருந்தால் அவரும் அன்ரியும் அக்கா தங்கை முறை; நான் சுபாங்கிக்கு அண்ணன். மாமியாரிடம் பழகியிருந்தால் என் அப்பாவும் அன்ரியும் அண்ணன் தங்கை முறை, நான் மச்சான். கல்லாவில் நின்ற சுபாங்கி என்னைப் பார்த்தாள். ஆய்வுகூடத்து எலிகளும் என்னை அப்படித்தான் பார்க்கும்.

புறநகர் ஸ்தேனில் இருக்கும் அம்மாவுக்கு அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். தன் சமையலில் எதையும் மாமியார் சொல்லித் தந்ததாக அம்மா ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

"அக்கா, அந்தச் சாதிக்காய் சுத்திறது ஆரிட்டைப் பழகினனீங்கள்?" அன்ரி கேட்டார்.

"ஐயோ, அந்த விசர்ப் பழக்கமோ? என்ரை ஆக்களிட்டை அப்பிடி ஒண்டும் இல்லை. அது மாமியின்ரை பக்கம்!"

"ஊஃப்" என்றாள் சுபாங்கி. பிரெஞ்சில் அது 'அப்பாடா'.

"மருமோன், மூட்டையிலை இருக்காதையுங்கோ, உள்ளுக்கை வாங்கோ" என்றார் அங்கிள். "வந்து அந்த எலிக் கதையைச் சொல்லுங்கோ."

வாசலில் சாமான் வாங்க வந்த இரண்டு பேர் நின்றார்கள். அவர் சத்தமாகவே சொன்னார்.