நிற்கத் தெரிந்த மாப்பிள்ளை

எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதில் அப்பச்சி வைத்த பரீட்சை ஒன்றே ஒன்றுதான். பையனுக்கு நிற்கத் தெரிய வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்போம், அம்மாவை ஆத்தா என்போம். என் அப்பச்சி உலகப்பன், மலேசியாவின் பத்து பாகாட்டில் நடத்திய துணிக்கடையை என் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சரித்திரத்தில் இறங்கியவர். இடிந்த சுவர் ஒன்று கிடைத்தால் போதும். அதன் முன்னால் நின்று முக்கால் மணி நேரம் பேசுவார், கேட்பவர்களும் நின்றுதான் கேட்க வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு என்ஜினியர் வரனை, பழைய சமாதி முன்னால் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான் என்பதற்காகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. என் மனதில் அப்போதே தீபன் இருந்தான்.

தீபன் எங்கள் சாதியின் ஒன்பது கோயில் கணக்கில் எங்கும் வராதவன். லாயாங் லாயாங் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்த குடும்பம். இப்போது இங்கே ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். விஷயத்தைச் சொன்னபோது ஆத்தா என்னைப் பார்க்காமல் அப்பச்சியைப் பார்த்தார். அப்பச்சி வெகு நேரம் மீசையைத் தடவினார்.

"ஓடுறவன் ஊர் முழுக்க இருக்கான். நிக்கிறவனா இருக்கணும். ஞாயித்துக்கிழமை என்கூட சைக்கிள்ல வரட்டும். பாத்துட்டுச் சொல்றேன்."

சைக்கிள்தான் அப்பச்சியின் அடுத்த பைத்தியம். பச்சை நிறத்தில் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார். பெடலில் கிளிக் என்று காலை மாட்டிக்கொள்ளும் சப்பாத்து, வயிற்றை ஒளிக்கத் தெரியாத இறுக்கமான சட்டை எல்லாம் அதோடு வந்தன. போகும் பாதையும் அவரே பார்த்து வைத்தது. கடல் தண்ணீர் தோப்புக்குள் ஏறாமல் இருக்கக் கட்டிய மண் அணை, அதன் மேல் நீளமாக ஒரு வழி. இரண்டு முனையிலும் தூண் நட்டிருப்பதால் காரும் லாரியும் நுழைய முடியாது. ஒரு பக்கம் தென்னையும் செம்பனையும், மறு பக்கம் அலையாத்திக் காடும் கடலும். வழியில் மஞ்சள் துணி போர்த்திய பழைய சமாதி, ஜப்பான்காரன் காலத்துப் பதுங்குகுழி, கடைசியில் படகுத்துறை அருகே ஒரு செங்கல் சூளையின் புகைபோக்கி. மூன்று இடம், மூன்று பேச்சு. தீபன் மூன்றிலும் நிற்க வேண்டும்.

"நிக்கிறது என்னா பெரிய வேலையா? ஃபேக்டரில பன்னெண்டு மணி நேரம் நிக்கிறேன்லா," என்றான் தீபன்.

அந்தப் பாதை தீபன் வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. என் சைக்கிள் பங்ச்சர் ஒட்டப் போயிருந்ததால் அன்று காலை நான் கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தேன். அங்கே பூஜை முடிகிற நேரம். தீபனின் அம்மா சந்திரமதி எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டியவர். அங்கே ஆயுத பூஜைக்கு வெட்டுக் கத்தியை எண்ணெய் போட்டுத் துடைத்துப் பொட்டு வைப்பார்களாம். முதல் தடவை நெடும்பயணம் போகிற சைக்கிளை மட்டும் விட்டுவிடுவாரா? அப்பச்சியின் சைக்கிளும் தீபனின் சைக்கிளும் மாலையும் சந்தனமுமாக, மணமேடைக்குப் போகிற மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றன. தட்டில் சூடம் அணைந்துகொண்டிருந்தது. நேரமில்லாததால் என் சைக்கிளுக்கு ஒரு குங்குமப் பொட்டோடு சரி. தீபன் அடுப்படியிலிருந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு ஓடி வந்தான். எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

பின்காற்று பலமாக அடித்தது. மிதிக்காமலே போகலாம் போல இருந்தது. முன்னால் தீபன், நடுவில் அப்பச்சி, கடைசியில் நான். மஞ்சள் துணி தெரிந்ததும் அப்பச்சி கையைத் தூக்கினார்.

"தம்பி, நிப்பாட்டு!"

தம்பி நிப்பாட்டவில்லை. சமாதியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தான். பாவி, முதல் இடத்திலேயே கோட்டை விட்டான் என்று நினைத்தேன். ஆனால் அப்பச்சியும் நிற்கவில்லை. சமாதியைக் கடக்கும்போது கழுத்தை மட்டும் திருப்பி, "இது வந்து... ரொம்பப் பழசு..." என்று ஆரம்பித்தார். அடுத்த வாக்கியத்தில் சமாதி எனக்கும் பின்னால் போயிருந்தது.

"எவ்வளவு பழசு அங்கிள்?" என்று முன்னாலிருந்து தீபன் கத்தினான்.

"அத நின்னு சொல்றேன்!"

நிற்கவில்லை. என் பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, இவர்களுக்கு என்ன கேடு என்று பார்த்தேன். அப்போதுதான் தரையிலிருந்து வாசனை வந்தது. நல்லெண்ணெய். பாதையின் தூசியில் இரண்டு சைக்கிள்களின் சக்கரங்களும் சொட்டுச் சொட்டாகக் கோலம் போட்டுக்கொண்டு போயிருந்தன.

"எண்ணெய்! பிரேக்ல எண்ணெய்!" என்று கத்தினேன். கேட்காத தூரம் போய்விட்டவர்களை ஏறி மிதித்துத் துரத்தினேன்.

பதுங்குகுழி வந்தது, போனது. அப்பச்சி ஒரு கையால் அதைக் காட்டி, ஜப்பான்காரனைப் பற்றி ஏதோ அலறிக்கொண்டே பறந்தார். சப்பாத்து பெடலை விடவில்லை. தன் சைக்கிளே நிற்காதபோது தீபனை எப்படித் திட்டுவார்? தீபனோ, நிற்கச் சொல்லிவிட்டு நிற்காமல் வருகிற மனிதர் தன்னைச் சோதிக்கிறார் என்று நினைத்திருக்கிறான். காலைத் தரையில் தேய்த்துப் பார்த்தான். சிலிப்பரின் வார் அறுந்து, சிலிப்பர் மட்டும் பதுங்குகுழி வாசலில் ஒழுங்காக நின்றது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் வழிவிட்டன. வெயில் காய்ந்த ஓர் உடும்பு எழுந்து போய்விட்டது.

படகுத்துறைக்கு இறங்கும் சரிவு வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது துறையில் இருவரும் இல்லை. கடல் வற்றியிருந்தது. துறைக்குப் பக்கத்துச் சேற்றில், இரண்டு சைக்கிள்களும் பாதிச் சக்கரம் வரை புதைந்து நிமிர்ந்து நின்றன. அப்பச்சி முழங்கால் வரை, தீபன் தொடை வரை. ஒரு பூமாலை மட்டும் நண்டு வளைப் பக்கம் கிடந்தது. அடி எதுவும் படவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது, அதை அடக்க மிகவும் கஷ்டப்பட்டேன்.

"தம்பி, எனக்குப் பிரேக் பிடிக்கல," என்றார் அப்பச்சி கடைசியில்.

"எனக்கும்தான் அங்கிள்." தீபன் சக்கரத்தை விரலால் தொட்டு முகர்ந்தான். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். யார் கை வேலை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. "நான்தான் எண்ணெய் போட்டேன் அங்கிள். தெரியாம பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க."

அம்மாவைக் காப்பாற்றத் தன் கல்யாணத்தையே சேற்றில் போடுகிறான். எனக்குக் கோபமும் வந்தது, அவனை ரொம்பவும் பிடித்தும் இருந்தது. அப்பச்சி வெடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் ஏனோ இருமினார்.

"பரவால்லப்பா. யாருக்கும் வர்றதுதான்."

சத்தம் கேட்டு வந்த மீனவர்கள் பலகை எடுத்துவரப் போனார்கள். அந்த நேரத்தை அப்பச்சி வீணாக்கவில்லை. எதிரே புகைபோக்கி நின்றதால் செங்கல் சூளையின் சரித்திரத்தை ஆரம்பித்தார். தீபன் அசையாமல் கேட்டான். அசைந்தால் இன்னும் இறங்குவான். ஆனாலும் நடுவில், "மண்ணு இங்கயே எடுத்தாங்களா அங்கிள்?" என்று கேட்டான் பாருங்கள், அதைக் கேட்கும்படி யாரும் சொல்லவில்லை. அப்பச்சியின் கண் பளிச்சென்றது. பலகை வந்த பிறகும் முடிவுரை முடியும் வரை மீனவர்களைக் காக்க வைத்தார்.

அவர்களின் வேனில்தான் திரும்பினோம். வாசலில் நின்ற சந்திரமதி ஆன்டி இரண்டு சேற்றுப் பொம்மைகளையும் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

"அலமாக், என்னாங்க ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா," என்றான் தீபன் அவசரமாக. "நான் ரிம்முக்கு எண்ணெய் போட்டுட்டேன்."

"நீ எப்படா போட்ட? நீ அடுப்படிலதானே இருந்த. நான் போட்டேன். முதல்ல கம்பிக்கு மட்டும்தான் போட்டேன், அப்புறம் இவங்கதான் சொன்னாங்க," என்று ஆன்டி அப்பச்சியைக் காட்டினார். "'சம்பந்தி, சக்கரத்துக்கும் நல்லா போடுங்க, பளபளன்னு இருக்கட்டும்'னு."

குழாயடிப் பக்கம் நழுவிக்கொண்டிருந்த அப்பச்சி திரும்பினார்.

"சம்பந்தின்னா சொன்னேன்?"

"ரெண்டு தடவ சொன்னீங்க."

"வாய் தவறி வந்திருக்கும்மா. இன்னும் நான் முடிவு..."

"தவறியோ தவறாமலோ," என்றார் ஆன்டி, பூஜைத் தட்டைக் கண்ணால் காட்டி. "சூடம் எரியறப்ப சொன்னீங்க."

அப்பச்சி தட்டைப் பார்த்தார். அதில் கரிந்து கிடந்த கறுப்புத் தடத்தைப் பார்த்தார். பிறகு என்னையும், ஒற்றைச் சிலிப்பரோடு நின்ற தீபனையும் பார்த்தார். சேறு பிடித்து நிறுத்தாமலே, அன்று முதல் தடவையாக, அப்பச்சி தான் சொன்ன சொல்லில் அப்படியே நின்றார்.