லைன் இல்லை

"நோன் சே லீனேயா." லைன் இல்லை. கார்டை நீட்டினால் இத்தாலியின் லெச்சே நகரக் கடைக்காரர்கள் சொல்கிற வாக்கியம் இது. மெஷின் நன்றாகத்தான் இருக்கும். ரொக்கமாக வாங்கினால் வரி மிச்சம். நான் வேலை பார்க்கும் இனிப்புக் கடையின் முதலாளி யோலாந்தா மட்டும் அதை ஒருநாளும் சொன்னதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த ஞாயிறு மதியம் வரிசை வாசல்வரை நின்றது. முன்னால் ருஜேரோ. காதலியின் வீட்டில் அவனுக்கு முதல் விருந்து. வெறுங்கையோடு போக முடியாது. பின்னாலேயே காதலியின் அம்மா அசுந்தா வந்து சேர்ந்தார்.

"நீ எங்க வாங்கிட்டு வரப்போறேன்னு நானே வந்துட்டேன்."

ருஜேரோவின் காது சிவந்தது. நான் பெட்டிக்கு ரிப்பன் கட்டி முடித்தேன். அவன் கார்டை வைத்தான். மெஷின் கீச்சிட்டது. எங்கள் பக்கம் திரும்பியிருந்த திரையில், கணக்கில் போதிய பணம் இல்லை என்று வந்தது.

"என்னாச்சு?" அசுந்தாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "கார்டுல காசு இல்லையா? நல்ல வேலைன்னு சொன்னானே!"

யோலாந்தாவின் விரல் மெஷினின் பொத்தானை அழுத்தியது. திரை இருண்டது.

"அவன் கார்டு நல்லாத்தான் இருக்கு. நோன் சே லீனேயா. என் மெஷின்தான் செத்துப்போச்சு."

வரிசை சிரித்தது. "அட, நீயுமா யோலாந்தா!"

"புனிதவதிக்கும் வரி கசக்குது போல!"

"ஆமா, கசக்குது," என்றார் யோலாந்தா, முகம் மாறாமல். "தம்பி, எடுத்துட்டுப் போ. நாளைக்குக் குடு."

அசுந்தா தன் கார்டை ஆட்டினார். "அவனுக்கு மட்டும் கடனா?"

"நீங்களும் எடுத்துக்கங்க."

"அப்ப நாங்க?" என்றது வரிசையின் வால்.

"எல்லாருக்கும்தான். கத்தாதீங்க."

இத்தனை வருடம் சேர்த்த பெயரை, ஓர் உணவு மேசையில் ஒரு பையன் தலைநிமிர்ந்து உட்காருவதற்காக, அவர் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார். யோசிக்கக்கூட இல்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாசலில் அசுந்தா தன் பெட்டியையும் ருஜேரோவின் கையில் திணித்தார். "பிடி. பாரேன், இவளும் திருடியாயிட்டா."

அவன் நின்றான். பொத்தானை அழுத்திய விரலை அவனும் பார்த்திருந்தான். திரும்பி வாயைத் திறந்தான்.

"கதவச் சாத்துப்பா!" என்று கத்தினார் யோலாந்தா. "கிரீம் உருகுது!"

அவன் சாத்தினான். கண்ணாடிக்கு அப்பால் அசுந்தா எதையோ சொல்லிச் சிரித்து, அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.