பள்ளிக்கூடக் கதவைத் திறந்தவர்

தொண்ணூற்றோராம் ஆண்டு மாசியில் லண்டனில் கொட்டிய பனியைப் பார்த்து ஃபாரஸ்ட் கேட் பகுதி முழுக்க வாயைப் பிளந்தது. பஸ் ஓடவில்லை, ரயில் அரைகுறை. கடை திறக்கப் போன ஆனந்தராஜா, ஷட்டர் உறைந்துபோய்க் கிடக்கிறதென்று திரும்பி வந்துவிட்டார். அவர் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்த செல்வமலருக்கும் அன்று வேலையில்லை. அவள் துப்புரவு வேலை பார்த்த பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். ஆனந்தராஜாவும் மனைவி தவநாயகியும் செல்வமலரும் சமையலறையில் தேத்தண்ணியோடு இருந்தார்கள்.

"என்ர வயசுக்கு இப்பிடியொரு காலநிலையைக் கண்டதில்லை," என்றார் ஆனந்தராஜா.

"நான் கண்டிருக்கன்," என்றாள் செல்வமலர். "எழுபத்தெட்டுக் கார்த்திகையில, எங்கட சூறாவளி."

சொல்லத் தொடங்கினாள். காற்று வந்தது, கூரை போனது, தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்தன, ஊர்ச்சனம் பள்ளிக்கூடத்துக்குள் ஒதுங்கியது. "ஐயோ பாவம்" என்று தவநாயகி உச்சுக்கொட்டினாள். ஆனந்தராஜாவும் தலையாட்டித்தான் கேட்டார். அதற்குள் டெலிபோன் அடித்தது. அவர் எழுந்துபோனார். தேத்தண்ணி ஆறுவதற்குள் கதை முடிந்துவிட்டது.

இங்கே எப்போதும் இப்படித்தான். அவர்கள் கேட்காமல் இல்லை. நல்ல சனம், மரியாதையாகக் கேட்டார்கள். ஆனால் மட்டக்களப்புக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவிலிருந்த அவளுடைய ஊரில் இந்தக் கதை இலேசில் முடியாது. அது ஒரு ஆளின் கதையும் இல்லை. காற்று வந்த சத்தத்தைச் சொல்வது அவள் கணவன் வேலாப்போடியின் பங்கு. வாயைக் குவித்து அவர் ஊளையிட்டால் பிள்ளைகள் அழும். வாவியிலிருந்த தோணி புளியமரத்தில் ஏறிக் குந்தியிருந்ததை மச்சாள் வேதவல்லி சொல்லுவாள். அது புளியமரம் இல்லை, வேம்பு என்று யாராவது குறுக்கே விழுவார்கள். நடுவில் காற்று அடங்கியபோது எல்லாம் முடிந்ததென்று வீட்டுக்குப் போனவர்கள் யார், மறுபக்கத்தால் அது திரும்பி வந்தபோது ஆர் ஆரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். செல்வமலரின் பங்கு ஒன்றே ஒன்று: பள்ளிக்கூடக் கதவை யார் திறந்தது என்பது.

வேலாப்போடிதான் கோடரியால் பூட்டை உடைத்தார் என்பாள் அவள். இல்லை, கல்யாணசுந்தரம் மாஸ்டர் இடுப்பளவு தண்ணிக்குள்ளால் வந்து பூட்டில் திறப்பைப் போட்டுத் திறந்தார் என்பாள் மாஸ்டரின் மனைவி பாலாம்பிகை. வருசா வருசம் இதே சண்டை. ஒருமுறை கோபம் முற்றி, ஒரு பொங்கலுக்குக்கூட இரண்டு வீடும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது வேலாப்போடி இல்லை. எண்பத்தைந்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். வேதவல்லி எந்த அகதி முகாமில் இருக்கிறாள் என்று தெரியாது. லண்டனுக்குக் கூப்பிட்ட மகன், கல்யாணம் செய்து கனடாவுக்குப் போய்விட்டான். மிச்சம் அவளும் அவளுடைய துண்டுக் கதையும்.

டெலிபோன் பேசிவிட்டு வந்த ஆனந்தராஜா ஏதோ நினைவு வந்தவர்போல் நின்றார்.

"மலரக்கா, உங்கட பக்கத்து மனிசி ஒராள் வெம்பிளியில மகளோட வந்து நிக்கிறாவாம். ஒரு மாஸ்டரின்ர பெண்சாதியாம். கடையில கதைச்சவங்கள், நான்தான் சொல்ல மறந்துபோனன்."

"என்ன பேர்?"

"பாலாம்பிகையோ என்னவோ."

செல்வமலர் கோப்பையை மேசையில் வைத்தாள். வெம்பிளிக்கு எந்த ரயில் என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஏலாது, வழுக்கி விழுந்து காலை முறிப்பீர்கள் என்று தவநாயகி தடுக்கத் தடுக்க, இரண்டு சோடி சொக்ஸ் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டாள். ரயில் ஊர்ந்தது. அவள் மனசுக்குள் சண்டைக்கான வசனங்களை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். இடுப்பளவு தண்ணிக்குள்ள திறப்பு எப்படி மாஸ்டரின் மடியில் நின்றது? பூட்டு உடைந்து கிடந்ததை ஊரே கண்டதே? இத்தனை நாளாக நாக்கில் துருப்பிடித்துக் கிடந்த கேள்விகள்.

கதவைத் திறந்த பாலாம்பிகையை அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அந்தப் பெரிய உடம்பு பாதியாகியிருந்தது. மகளுடைய ஸ்வெட்டர் தோளில் தொங்கியது.

"என்னகா மலர், இந்தப் பனிக்குள்ளயா வந்தீங்க? உள்ள வாங்க."

சோபாவில் பேரப்பிள்ளைகள் டீவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு உடுப்புத் தோய்க்கப் போனாள். கொஞ்ச நேரம் ஊர்ப்புதினம் பேசினார்கள். ஆர் இருக்கிறார், ஆர் இல்லை. இல்லாதவர்கள்தான் அதிகம். மாஸ்டரைப் பற்றி செல்வமலர் கேட்கவில்லை. போன வருசம் ஒரு காலையில் சைக்கிளில் வெளியே போன மனிசன் திரும்பவில்லை என்பது அவளுக்கு முன்னமே காதில் விழுந்திருந்தது.

யன்னலுக்கு வெளியே மறுபடி பனி தூவத் தொடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே செல்வமலர் மெல்லச் சூறாவளியை எடுத்தாள். பாலாம்பிகையின் முகத்தில் சற்று வெளிச்சம் வந்தது. செல்வமலர் காற்றைச் சொன்னாள், தென்னைகளைச் சொன்னாள். வேதவல்லியின் தோணியை இருவரும் சேர்ந்து மரத்தில் ஏற்றினார்கள். செல்வமலர் கதையைக் கதவடிக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் சத்தத்தைக் கூட்டிச் சொன்னாள்:

"மறுகா எங்கட அவர் கோடரியால பூட்டில ஒரு போடு போட்டார்."

நிறுத்தினாள். காத்திருந்தாள்.

பாலாம்பிகை தலையை ஆட்டினாள். "ஓம் மலர். உங்கட அவர்தான் உடைச்சவர். அது உண்மைதான்."

 செல்வமலர் இத்தனை வருசம் கேட்க ஆசைப்பட்ட சொல் அதுதான். இப்போது கேட்டபோது, சாய்ந்திருந்த சுவர் இல்லாமல் போனதுபோல் இருந்தது. எதிரே இருந்தவள் வாதத்தில் தோற்கவில்லை. வாதாட வேண்டிய காரணமே அவளுக்கு இல்லாமல் போயிருந்தது.

"இல்லக்கா," என்றாள் செல்வமலர், தனக்கே தெரியாமல். "மாஸ்டர்தானே திறப்போட வந்தவர்?"

"திறப்பு எங்க இருந்த அவருக்கிட்ட? தண்ணியில விழுந்து போயிட்டெண்டு வீட்ட வந்து எனக்கிட்டச் சொன்னவர்."

"அது திரும்பிப் போகக்குள்ள விழுந்தது. திறக்கக்குள்ள இருந்தது. நான் கண்ணால கண்டன், மாஸ்டர் வாயில கவ்விக்கொண்டுதானே வந்தவர்."

"நீங்க எங்க கண்டீங்க? நீங்க வேதவல்லிட பிள்ளையத் தூக்கிக்கொண்டு பின்னுக்கு நிண்டயள்!" பாலாம்பிகையின் குரல் உயர்ந்தது. "பூட்ட உடைச்சது வேலாப்போடியார்தான். அந்தாள் இல்லாட்டி நாங்க எல்லாம் முடிஞ்சிருப்பம்!"

"மாஸ்டர் இல்லாட்டித்தான் முடிஞ்சிருப்பம்!"

பிள்ளைகள் டீவியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மகள் ஈரக்கையோடு ஓடிவந்து, "என்னம்மா?" என்றாள்.  பாலாம்பிகை ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு எழுந்துபோய், வந்தவள் சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று சோற்றை அடுப்பில் வைத்தாள்.

பொழுது சாயும் முன்னே செல்வமலர் புறப்பட்டாள். ஸ்டேசன் வரைக்கும் மகள் காரில் கொண்டுவந்து விட்டாள்.

"ஆன்ட்டி, அம்மா வந்து நாலு மாசம். இப்படி சத்தமாக் கதைச்சதே இல்ல. இந்தக் கதையெல்லாம் எங்களுக்குச் சொன்னதும் இல்ல."

"கேட்டா சொல்லுவா, மகள்."

"கேக்கலாம். ஆனா எனக்கு மறுத்துச் சொல்லத் தெரியாதே."

செல்வமலர் கார்க் கதவைத் திறந்து இறங்கினாள்.

பிளாட்பாரத்தில் ரயில் தாமதம் என்று அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்து உட்கார்ந்தார். தொப்பியில் பனி. இதெல்லாம் ஒரு பனியா என்பதுபோல் கையை வீசிவிட்டு, அவளிடமோ தண்டவாளத்திடமோ பேசத் தொடங்கினார். அவர் வேகமாகப் பேசியதில் பாதிதான் அவளுக்குப் பிடிபட்டது. நாற்பத்தேழாம் ஆண்டு. மலைப்பக்கத்தில் அவர்களுடைய பண்ணை. வேலிக்கு மேலே பனி. உள்ளே புதைந்துபோன ஆடுகள். நீண்ட கம்பால் குத்திக் குத்தித் தேடி, உயிரோடு இருந்தவற்றை வெளியே இழுத்த கதை.

அவர் ஒரு இடத்தில் பேச்சை நிறுத்தினார். வெறுமனே மூச்சு வாங்கத்தான் நிறுத்தினாரோ என்னவோ. அவளுக்கு அப்படிப் படவில்லை.

"யார் கண்டுபிடித்தது?" என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டாள். "முதல் ஆட்டை?"

கிழவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"நான்தான்," என்றார். பிறகு சிரித்தார். "என் தம்பியைக் கேட்டால் நாய் கண்டுபிடித்தது என்பான்."

"தம்பி எங்கே?"

அவர் இல்லை என்பதுபோல் தலையை மெல்ல ஆட்டினார். கண் தண்டவாளத்துக்குப் போய்விட்டது.

"நாயாகத்தான் இருக்கும்," என்றாள் செல்வமலர்.

கிழவர் விறைத்து நிமிர்ந்தார். நாய்க்கு அந்தப் பனியில் மணம் பிடிக்கவே முடியாது என்று தொடங்கினார். அவள் விளங்கியதைப் பிடித்துக்கொண்டு, விளங்காததற்கு இல்லை என்று தலையாட்டி மறுத்தாள். ரயில் வந்தது. அது அவருக்கான ரயில் இல்லை, அவளுக்கானது. ஏறி, கண்ணாடிக்குள்ளால் பார்த்தாள். அவர் இன்னும் கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். கதவு மூடியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை.