தபாலில் வந்த அப்பம்

பதினோரு மாதமாக என் கணவருக்கும் மகனுக்கும் நடுவில் நான்தான் தபால்காரி. "அவன்ட்ட சொல்லு", "அப்பாட்ட சொல்லுங்கம்மா" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. புத்தூர் ஆஸ்பத்திரியில் என் கணவர் சகாயநாதனுக்கு நெஞ்சு ஆபரேஷன் நடந்தபோது, போலந்தில் வேலை பார்க்கும் மகன் ஜெஸ்வினுக்கு விசா சிக்கல், வர முடியவில்லை. "இனிமே அவன் குரலே எனக்கு வேணாம்" என்று படுக்கையிலேயே சொல்லிவிட்டார் இவர். கணக்கு வாத்தியாராக இருந்தவர். போட்ட விடையை மாற்ற மாட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம், எங்கள் எடமலைப்பட்டி புதூர் வீட்டுக்கு, ஜெஸ்வின் இருக்கும் கிராகோவிலிருந்து ஒரு கவர் வந்தது, இவர் பெயருக்கு. உள்ளே புரியாத மொழியில் ஒரு வாழ்த்து அட்டை. அதோடு மெல்லிசாக, வெள்ளையாக, பூசையில் நன்மையாகத் தரும் நற்கருணை போலவே, குழந்தை இயேசு பதிந்த ஓர் அப்பம். ஒரு மூலை உடைந்திருந்தது.

முழங்கால் வலியோடு இவர் தரையில் மண்டியிட்டுவிட்டார்.

"நற்கருணையப் போய் தபால்ல அனுப்பியிருக்கான். புத்தி கெட்டுப்போச்சா அவனுக்கு?"

ஜெஸ்வினைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிடப் போனேன்.

"ஆண்டவர டீப்பாய்ல வச்சுட்டு போன் பேசிக்கிட்டிருப்பியா?"

பங்குச் சாமியாரைக் கேட்டேன். பாதிராத்திரிப் பூசை ஏற்பாட்டில் அவசரமாக இருந்தார். "என்னன்னு தெரியலன்னா மரியாதையா உட்கொண்டுடுங்க. இல்லன்னா தண்ணியில கரைச்சு, கால் படாத மண்ல ஊத்துங்க."

"உங்க பேருக்குத்தானே வந்துருக்கு, நீங்களே வாங்கிக்குங்க" என்றேன்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "முடியாது பேட்ரிசியா. பெத்த பிள்ள மேல இவ்வளவு கோவத்த வச்சுக்கிட்டு எப்படி நன்மை வாங்குறது?"

ஞாயிறுதோறும் எல்லோரும் நன்மை வாங்கப் போகையில், முழங்காலைத் தடவிக்கொண்டு இவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது ஏன் என்று அன்றுதான் புரிந்தது. பதினோரு மாதப் பட்டினி. எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. எனக்கும் அதை வாயில் போட மனசு வரவில்லை. டம்ளர் தண்ணீரில் போட்டு மாதா படத்தின் முன் வைத்தோம், நன்றாகக் கரைந்ததும் ஊற்றலாம் என்று.

சாயங்காலம் ஜெஸ்வினே அழைத்தான். நற்கருணை என்று நாங்கள் பயந்ததைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டேன். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

"அது நன்மை இல்லம்மா, சாதா அப்பம். கவர் இவ்வளவு சீக்கிரம் வரும்னு நினைக்கல, அதான் முன்னாடியே சொல்லல. இங்க கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு முன்னாடி வீட்டுல எல்லாரும் இத பிட்டுக் குடுத்துக்குவாங்க. சண்டைன்னா அப்பவே மன்னிப்பு கேட்டுக்கணும். தூரத்துல இருக்கவங்களுக்கு, ஒரு மூலைய நம்ம சாப்பிட்டுட்டு மிச்சத்த தபால்ல அனுப்பணும்."

"யாருடா உனக்கு சொன்னா?"

"கீழ் வீட்டம்மா. எப்ப கிறிஸ்தவனா மதம் மாறுனேன்னு கோவில்ல வச்சு என்னக் கேட்டாங்களே, அவங்கதான். தாத்தாவோட தாத்தாவே ஞானஸ்நானம் வாங்குனவர்னு இந்த ஊர்ல சொல்லிச் சொல்லியே ஓஞ்சு போயிட்டேன். இந்த வருஷம் அவங்களே கதவத் தட்டி, உங்க அப்பாவுக்கு அனுப்புன்னு குடுத்தாங்க. அந்த மூலைய நான் சாப்பிட்டேம்மா. மிச்சத்த அப்பா சாப்பிட்டாரா?"

நான் மாதா படத்தின் முன்னால் இருந்த டம்ளரைப் பார்த்தேன்.

இவர் எழுந்துபோய் டம்ளரை எடுத்தார். பாதியைக் குடித்தார். மீதியை என்னிடம் நீட்டிவிட்டு, போன் பக்கம் குனிந்தார்.

"கஞ்சி மாதிரி இருக்குடா. உப்பே இல்ல."

அந்தப் பக்கம் ஜெஸ்வின் அழுதான். நான் மீதியைக் குடித்துவிட்டு, போனை இவர் கையில் கொடுத்துவிட்டு, அடுப்படியில் போய் உட்கார்ந்தேன்.