பக்கத்து சீட்டு பிரேக்

கார் கேட்டைத் தாண்டிவிட்டால் எல்லாம் போச்சு. நீதிமன்ற சமரச மையத்தின் படிகளில் சமரசர் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள். பாதி வழியில் ஒரு செருப்பு கழன்றது. எடுக்க நேரமில்லை.

"சார், ஒரு நிமிஷம் நில்லுங்க."

அவர் நிற்கவில்லை. பேச்சு தொடங்கிய சூட்டோடு, "கோர்ட்லயே பாத்துக்கறேன்" என்று அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிய தம்பி அவர். அக்காவுக்குக் காப்பாளராக நீதிமன்றம் நியமித்திருந்த தம்பி. இன்று உடன்பாடு இல்லையென்றால் நாளைக் காலை வழக்கு நீதிபதியிடம் திரும்பிவிடும். அங்கே இருப்பது பழைய டாக்டர் சர்டிபிகேட். தலையில் அடி, பேச்சில்லை, சுயமாக முடிவெடுக்க இயலாதவர். அதைக் காட்டித்தான் அக்காவின் வீட்டை விற்க அனுமதி கேட்டிருந்தார். கிடைத்துவிட்டால் அந்த அம்மாளுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருக்காது.

கார் உறுமிக்கொண்டு கேட்டை நெருங்கியது. அடுத்த நொடி முகத்தில் அறைந்தாற்போல் நின்றது. என்ஜின் இருமி அணைந்தது.

சமரசர் மூச்சிரைக்க ஓடிப்போய்ப் பார்த்தாள். ஸ்டியரிங்கில் தம்பி, முகம் சிவந்து. பக்கத்து சீட்டில் அக்கா, மடியில் கைப்பையோடு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி. கால் மட்டும் அழுத்தமாக ஊன்றியிருந்தது.

அக்கா நடத்திய டிரைவிங் ஸ்கூலின் கார் அது. கற்றுக்கொடுப்பவர் அவசரத்துக்கு மிதிக்க, பக்கத்து சீட்டின் அடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஊரில் பாதிப் பேருக்கு வண்டி சொல்லிக்கொடுத்து 'ஸ்டியரிங் அக்கா' என்று பேர் வாங்கியவர் அவர். காப்பாளரானதும் தம்பி ஸ்கூலை மூடினார். போர்டைக் கழற்றினார். காரை எடுத்துக்கொண்டார். அந்த பிரேக்கைக் கழற்றத்தான் மறந்துவிட்டார்.

"காலை எடுக்கா."

"மாட்டேன்டா."

"விளையாடாத."

"வெளிய பஸ் வருது. நீ பாக்கவே இல்ல. லைசென்ஸ் டெஸ்ட்ல மூணு தடவ கவுந்தவன்தானே நீ."

சமரசர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். "மாடி ரூம் பிடிக்கலன்னா இங்கயே பேசுவோம். ஃபேன் இல்ல, அவ்வளவுதான். அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?"

"என் வீட்டுச் சாவி. என் போன். வெளிய கிளம்பினா அவன் வீட்டுக்குள்ள என்னை வெச்சுப் பூட்டிட்டுப் போறான் மேடம். பாக்க வந்தவங்களை வாசல்லயே திருப்பி அனுப்பறான். ஜன்னல் வழியா பக்கத்து வீட்டுப் பூனைகிட்டதான் பேச்சு. இப்பல்லாம் அதுகூட என்னைக் கண்டுக்கறதில்ல."

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

"ஆமா. கூண்டு வாங்கினவன் கிளிகிட்டயும் அதான் சொல்லியிருப்பான்."

இரு தரப்பையும் தனித்தனியாகக் கேட்பது சமரசரின் வழக்கம். ஒருவர் தனியாகச் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் மற்றவரிடம் கொண்டுபோகக் கூடாது. தம்பியை இறங்கச் சொன்னாள். அவர் இறங்குவதற்குள் அக்கா கார் சாவியை உருவித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

நிறுத்தியிருந்த பைக்குகளுக்கு நடுவே தம்பி தலைகுனிந்து நின்றார்.

"வீட்டை ஏன் சார் விக்கணும்?" பணம் என்ற பதிலுக்குச் சமரசர் தயாராக இருந்தாள்.

"அந்த மாடிப்படியை இனிமே நான் பாக்கவே கூடாது மேடம்." தம்பி ஒரு பைக்கின் சீட்டைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு மத்தியானம் அக்கா போன் பண்ணா. முந்தின நாள் எங்களுக்குள்ள சண்டை. பேரைப் பாத்துட்டு எடுக்காம பாக்கெட்ல போட்டுட்டேன். சாயங்காலம் போனா, படிக்குக் கீழ கெடக்கறா, கையில போனோட. அவ்வளவு நேரம் என்னைக் கூப்பிட்டுட்டுக் கெடந்திருக்கா. ஆஸ்பத்திரியில முதல் வேலையா அந்த போனை எடுத்து ஒளிச்சேன். அவ பாத்துடக்கூடாதுன்னு. இதை அவகிட்ட சொல்லிடாதீங்க."

சமரசருக்குப் புரிந்தது. முதலில் போன். போன் எங்கே என்று கேட்கும் சிநேகிதிகள் வராமலிருக்க அடுத்து வாசல். தன் கண்ணை விட்டு மறுபடி விழுந்துவிடக் கூடாதென்று பூட்டு. ஆசாமியைப் பேராசைக்காரர் என்று தான் போட்ட கணக்கு தப்பு. ஆனாலும் பூட்டு பூட்டுதான்.

"நான் சொல்லமாட்டேன் சார். ஆனா தப்பு பண்ணது நீங்க. உள்ள அடைஞ்சு கெடக்கறது அவங்க. அதை யோசிங்க."

தம்பி சட்டென்று காரை நோக்கித் திரும்பினார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரு கையாலும் பற்றிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடியே அத்தனையையும் அக்காவிடம் கொட்டினார்.

அக்காவின் கால் பிரேக்கிலிருந்து மெதுவாக விலகியது.

"திட்டுக்கா. ஏதாவது சொல்லு."

"சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு. முதல்ல கையெழுத்து."

சமரசர் மடியில் வைத்தே எழுதினாள். வீட்டு விற்பனை இல்லை. சாவியும் போனும் இன்றே. புதிதாக டாக்டர் பரிசோதனை. காப்பாளர் உத்தரவை நீக்கும்படி நாளை இருவரும் சேர்ந்தே நீதிபதியைக் கேட்பது. தம்பி படித்தார், மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டார். சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தார்.

அக்கா அதை இறுக மூடிக்கொண்டார்.

"இப்ப சொல்லப்போறதை முதல்லயே சொல்லியிருந்தா, மனசு லேசாகி நீ குடுத்தது மாதிரி ஆயிருக்கும். இது என்னோடதுன்னு நீ குடுக்கணும், அதான் நிறுத்தி வெச்சேன். ஏண்டா, நான் எப்ப விழுந்தேன்னு யாராவது என்னைக் கேட்டீங்களா? டாக்டர் உன்னைக் கேட்டார். ஜட்ஜ் டாக்டரைக் கேட்டார். எனக்குப் பேச்சு திரும்பினப்ப, எல்லாரும் பதிலை முடிவு பண்ணி வெச்சிருந்தீங்க."

"எப்பக்கா?"

"மத்தியானம் கூப்பிட்டது, சண்டை போதும், சாயங்காலம் வீட்டுக்கு வாடான்னு சொல்ல. நீ எடுக்கல. நான் ஒரு பொண்ணுக்கு ரிவர்ஸ் சொல்லிக் குடுத்துட்டு, குளிச்சிட்டு, துணி மடிச்சிட்டு இருந்தேன். வாசல்ல உன் ஹார்ன் கேட்டுது. கூப்பிடாமலே வந்துட்டானேன்னு சந்தோஷத்துல போனும் கையுமா ஓடி இறங்கினேன், கால் தவறிடுச்சு. நான் கீழ கெடந்தது, நீ வண்டியைப் பூட்டிட்டு உள்ள வர்ற நேரம் மட்டும்தான்டா."