எட்டு மணி ஜெபம்

எங்கள் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். இரும்புலியூரில் கரண்ட் போனாலும் சரி, ஜி.எஸ்.டி. ரோடு பண்டிகைக் கூட்டத்தில் திணறினாலும் சரி, எட்டு என்றால் எட்டுதான். ஒரு பாட்டு, ஒரு வசனம், பிறகு எல்லோரும் கண்ணை மூட, நான் ஜெபிப்பேன். ஆமென் சொல்லும்வரை யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. சின்ன வயதில் திறந்து பார்த்து என் பிள்ளைகள் தொடையில் கிள்ளு வாங்கியிருக்கிறார்கள். "நாங்க தொறந்தது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? அப்போ நீங்களும் தொறந்தீங்கதானே?" என்று என் மகன் ஒருமுறை கேட்டான். அதற்கும் ஒரு கிள்ளு கிடைத்தது.

மகள் கெசியா மேல்படிப்புக்கு ஜெர்மனி போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அங்கே போனாலும் ஜெபம் விடவில்லை. ஊறுகாய் ஜாடியில் போனைச் சாய்த்து வைத்து, வீடியோவில் அவளையும் உட்கார வைத்துவிடுவேன். நமக்கு எட்டு மணி என்றால் அவளுக்குப் பிற்பகல் மூன்றரை.

மார்ச் மாதம் அவளுக்கு லீவு வந்தது. பிராக் இரண்டு நாள், வியன்னா மூன்று நாள், புடாபெஸ்ட் மூன்று நாள் சுற்றிவிட்டு வருகிறேன் என்றாள்.

"யாரோட போற?"

"தனியாத்தாம்மா."

முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள் நான். அட்லஸை எடுத்து மூன்று ஊரையும் பென்சிலால் கோடு போட்டு இணைத்தேன். வழி சரியாகத்தான் இருந்தது. தனியாக என்று சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. லெந்து கால உபவாச நாளில் ஊர் சுற்றலா என்று முதலில் திட்டினேன், பிறகு விட்டுவிட்டேன்.

பிராகிலிருந்து வந்த படங்களில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. பாலம், மணிக்கூண்டு, இவள் முகம், அதுவும் கையை நீட்டி எடுத்த படம். வியன்னா போனதும் படம் மாறியது. ஒரு அரண்மனை வாசலில் இவள் தலை முதல் கால் வரை நிற்கிறாள், கை இரண்டையும் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அதைப் பெருமையாக ரோஸியிடம் காட்டினேன். ரோஸி எங்கள் பெண்கள் ஐக்கியச் செயலாளர், பெருங்களத்தூரில் இருப்பவள். அவள் கண்ணில் படாதது ஒன்றும் கிடையாது.

"ரொம்ப அழகா இருக்குக்கா. எடுத்தது யாரு?" என்றாள்.

அவ்வளவுதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "டைமர் வச்சேம்மா" என்று பதில் வந்தது. டைமர் வைத்தால் போன் எங்கே நிற்கும்? அரண்மனை வாசலில் ஊறுகாய் ஜாடியா இருக்கிறது?

நான் சந்தேகக்காரிதான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குக் காரணம் இருந்தது. எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஃபிரெடி. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம், ஸஹானா என்கிற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்றான். கோயிலிலும் இல்லை, அவர்கள் பள்ளிவாசலிலும் இல்லை, ரிஜிஸ்டர் ஆபீசில். என் கையில் காபி டம்ளர் இருந்தது. கல்யாணத்துக்கு என் அம்மா வீட்டில் கொடுத்த ஆறு டம்ளரில் ஒன்று. அதைச் சுவரில் விட்டெறிந்தேன். "இனிமே இந்த வீட்டு ஜெபத்துல உன் பேர் வராது" என்றேன்.

எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. ஜெபத்தில் பிள்ளைகளின் பெயரை வரிசையாகச் சொல்வேன், மூத்தவன் முதலில். அன்று ராத்திரியே கெசியா பெயரில் ஆரம்பித்தேன். மறுநாள் காலையில் அவன் இல்லை. வெளிநாட்டில் வேலை என்று காதில் விழுந்தது. எந்த நாடு என்று நான் கேட்டதில்லை. அட்லஸே வைத்திருப்பவள் கேட்கவில்லை.

அவன் போன அன்றே அந்த டம்ளரையும் காணோம். வேலைக்கு வந்த செல்லம்மாவைத்தான் கேட்டேன். "எனக்கு இன்னாத்துக்குக்கா உன் நசுங்கின டம்ளரு?" என்று சொல்லிவிட்டு அன்றே நின்றுவிட்டாள். இப்போது பக்கத்து அபார்ட்மெண்டில் வேலை செய்கிறாள். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நானும் நினைத்துக்கொள்வேன்.

ஒரு பிள்ளை போயாயிற்று. மிச்சம் இருப்பது இவள் ஒருத்தி. இவளும் ஒருநாள் எவனையோ கொண்டுவந்து நிறுத்தினால் நான் மறுபடியும் எதையாவது விட்டெறிவேன், இவளும் போய்விடுவாள். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் முன்கூட்டியே கண்டுபிடித்து, முளையிலேயே கிள்ளிவிட நினைத்தேன்.

மறுநாள் ஒரு படம் வந்தது, காலை டிபன் என்று. ரொட்டி, முட்டை, பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரில் காபி. வியன்னாவில் எவர்சில்வர் டம்ளர்! படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்பு கொஞ்சம் நசுங்கினாற்போல் இருந்தது. எந்த வீட்டு டம்ளர் நசுங்காமல் இருக்கிறது? எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. பையன் தமிழ்ப் பையன்.

அன்று எட்டு மணிக்குக் கெசியா உட்கார்ந்திருந்த அறையில் மஞ்சள் திரை தொங்கியது, நீலப் பறவைகள் போட்டது. ஹாஸ்டல் என்றாள். நான் கண்ணை மூடி ஜெபித்து முடித்தேன். என் கணவர் ஏசுதாசன் ஆமென் என்றார். கெசியா ஆமென் என்றாள். அவளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரலும் ஆமென் என்றது. மெதுவாகத்தான், ஆனால் ஆண் குரல்.

சட்டென்று கண்ணைத் திறந்தேன். திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"யாரது?"

"யாரும் இல்லையேம்மா. ஹாஸ்டல்ல ஆளுங்க போவாங்க, வருவாங்க."

"போறவன் வர்றவன்லாம் ஆமென் சொல்லுவானா?"

அந்த நேரம் பார்த்து ஏசுதாசனுக்கு இருமல் வந்தது. ரிட்டயர் ஆகி நாலு வருஷத்தில் ஒரு தும்மல் கூடத் தும்மாத மனுஷன், இரண்டு நிமிஷம் இருமினார். நான் தண்ணீர் எடுத்துவந்து பார்த்தால் போன் கட்டாகியிருந்தது.

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும் ஜோதி? நான்தான் கண்ணை மூடியிருந்தேனே."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? நான் அந்த ஆளை அன்றிலிருந்து தனியாகக் கவனிக்க ஆரம்பித்தேன். போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவதும், நான் படியேறினால் துணி எடுக்க வந்தவர்போல் கொடியைத் தடவுவதும் நன்றாகவே தெரிந்தது. ஆக அப்பாவும் கூட்டு. நான் ஒருத்திதான் இந்த வீட்டில் ஏமாளி.

அடுத்த நாள் சாயங்காலம் புடாபெஸ்ட் படம் வந்தது. ஆற்றங்கரையில் பெரிய கட்டிடம், முன்னால் இவள். அன்று ராத்திரி சிக்னல் இல்லை என்று ஜெபத்துக்கு வரவில்லை. மறுநாள் எட்டு மணிக்குப் போன் வந்தது. பார்த்தால் அதே மஞ்சள் திரை, அதே நீலப் பறவைகள்.

"புடாபெஸ்ட் வந்து ரெண்டு நாளாச்சும்மா" என்றாள்.

"திரையையும் கூடவே கழட்டிக்கிட்டு வந்துட்டியா?"

அவள் விழித்தாள். "இங்கேயும் இதே மாதிரி துணிதாம்மா..."

"சரி, பாட்டு ஆரம்பி" என்றேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை. மனதுக்குள் திட்டம் போட்டுவிட்டேன். ஆமென் சொன்ன பிறகு கண்ணைத் திறந்தால் அவன் ஓடிவிடுகிறான். அப்படியானால் எங்கள் கண் மூடியிருக்கும் நேரத்தில்தான் வருகிறான். இந்த வீட்டு வழக்கம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் வந்து உட்காருகிறான். யாரோ ஊர் பேர் தெரியாதவனுக்கு என் மகள் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

பாட்டு முடிந்தது. அன்றைய வசனத்தை ஏசுதாசன் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றாமலே கண்ணை மூடினேன். "அன்புள்ள ஆண்டவரே, இந்த நாள் முழுக்க எங்களைக் காத்து வந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்று வழக்கம்போல் சத்தமாக ஆரம்பித்தேன். குரல் குறையக் கூடாது, குறைந்தால் உஷாராகிவிடுவான். மழைக்கு ஜெபித்தேன், சபைக்கு ஜெபித்தேன், வியாதியஸ்தர்களுக்கு ஜெபித்தேன். பிறகு, ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும், "எங்கள் மகள் கெசியாவை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் திறந்தேன்.

கெசியா தலை குனிந்து, கண்ணை இறுக மூடியிருந்தாள். அவளுக்குப் பின்னால், திரைக்கு முன்னே, தரையில் சம்மணம் போட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். தாடி வைத்திருந்தான். முன்தலையில் அவன் அப்பாவைப்போலவே முடி ஏறிப்போயிருந்தது. பக்கத்தில் தரையில் அந்த டம்ளர் இருந்தது.

அவன் கண்ணை மூடியிருக்கவில்லை. போனுக்கு நேராக, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கண்ணை மூடியிருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் என் முகத்தைப் பார்க்கலாம் என்று, தினமும் திரைக்குப் பின்னாலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறான். என் பிள்ளை.

என் ஜெபம் நின்றுவிட்டது. எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஏனோ செல்லம்மாவின் முகம். ஆறு வருஷம் அவளைத் திருடியாக்கி வைத்திருந்தேன். பக்கத்தில் ஏசுதாசன் கண்ணைத் திறக்காமலே என் கையைத் தேடிப் பிடித்தார்.

கண்ணாடிக்குப் பின்னால் என் கண் திறந்திருப்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. எழுந்து ஓடப் போனான். ஒரு கால் மடங்கி, ஒரு கை தரையில் ஊன்றி, பாதியில் அப்படியே நின்றான். சின்ன வயதில் கண்ணைத் திறந்து மாட்டிக்கொள்ளும்போது இருந்த அதே முகம். கிள்ளுவதற்குத் தொடை எட்டவில்லை, என்ன செய்வேன்?

"ஃபிரெடி" என்றேன். "எங்கேடா ஓடற? உள்ள ஸஹானா இருந்தா அவளையும் வந்து உக்காரச் சொல்லு. கண்ணை மூடு. ஜெபம் இன்னும் முடியல."