ஓரப் பஞ்சு

பென்னலூர்ப் பஞ்சுக் கம்பெனியில் பகல் ஷிஃப்ட் முடிய இன்னும் அரை மணி இருந்தது. மருந்துக் கடைகளுக்குப் போகும் வெள்ளைப் பஞ்சை நீலத் தாளோடு சேர்த்துச் சுருட்டி, இரு பக்கமும் பிதுங்கும் ஓரத்தை வெட்டிக் கூடையில் தள்ளிக்கொண்டிருந்தாள் மீனம்மாள். ஓரப் பஞ்சு மெத்தைக்காரருக்குப் போகும்.

"புள்ள கண்ணு எப்படி கீது?" எதிர் மேசையிலிருந்து சின்னப்பொண்ணு கேட்டாள்.

"காலைல மறுபடியும் ஒட்டிகினு கீது. தொறக்கவே மாட்டேங்குது."

"தாய்ப்பாலு வுட்டியா?"

"மூணு நாளா வுட்டேன். மஞ்சத் தண்ணியில துணிய நனைச்சுத் தொடச்சேன். நீ சொன்ன நந்தியாவட்டையும் வெச்சுக் கட்டுனேன்."

"எம் பெரியவனுக்குப் பூவுலதான் கொணமாச்சு. உம் புள்ளைக்கு மட்டும் கேக்கலியா? கம்பெனிக்காரி புள்ள, அதான் கிராக்கி பண்ணுது."

மீனம்மாள் சிரித்தாள்.

முந்தின நாள் சாயங்காலம் நர்ஸ் லூர்தம்மாள் குழந்தையின் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றாள். "பாலு, துணி, பூவு எல்லாத்தையும் நிறுத்து. தண்ணிய கொதிக்க வெச்சு ஆற வுடு. சுத்தமான பஞ்சுல நனைச்சு, மூக்கோரத்துலேந்து வெளிப்பக்கமா தொட. ஒரு கண்ணத் தொட்ட பஞ்சு இன்னொரு கண்ணுக்கு ஆகாது. ரெண்டு நாள்ல சரியாகலன்னா பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துகினு போ." நர்ஸிடமும் பஞ்சு தீர்ந்திருந்தது. மருந்துக் கடை ஸ்ரீபெரும்புதூரில். சம்பளம் சனிக்கிழமை.

மதியம் சாப்பிட்டதும் மீனம்மாள் டிபன் டப்பாவை மூன்று முறை கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தாள். மணி அடித்ததும், கூடையில் மேலாகக் கிடந்த ஓரத்தில் ஒரு பிடி எடுத்து அந்த டப்பாவில் வைத்து இறுக மூடினாள்.

கேட்டருகே பெண்கள் கொண்டையை அவிழ்த்து உதறினார்கள். முந்தானையை உதறினார்கள். சிமெண்ட் தரையில் பஞ்சு பறந்தது. சோதனை பார்க்கும் தாயாரம்மாள் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். மீனம்மாளுடையதைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"அடிப்பாவி," என்றாள் தணிந்த குரலில். "தலையில சொருகிகினு வந்திருந்தா தூசுன்னு வுட்டிருப்பேனே. டப்பாவுல போட்டு மூடிகினு வந்தியே!"

"தலையில வெச்சா அழுக்காயிடும்க்கா. கண்ணுக்கு."

அதற்குள் சூப்பர்வைசர் பராங்குசம் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"வெட்டிப் போட்ட ஓரம்தான் சார். கொழந்தைக்குக் கண்ணு ஒட்டிகினு கீது."

"ஓரமும் கம்பெனிதுதானே?"

"ஆமா சார்."

"எத்தனை வருஷமா இருக்கே?"

"நாலு வருசம் சார். இதுக்கு முன்னால ஒரு நூல்கூட எடுத்ததில்ல."

"ஒருத்தியை விட்டா நாளைக்கு அத்தனை பேரும் டப்பா கொண்டுவருவா."

அவர் மூக்குக்கண்ணாடியில் பஞ்சுத் தூசு படிந்திருந்தது. கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகைப் பஞ்சு எடுத்து வலது வில்லையைத் துடைத்துக் கீழே போட்டார்.

"நாளைலேர்ந்து வர வேண்டாம்," என்றார். புதிதாக இன்னொரு சிட்டிகை எடுத்து இடது வில்லையைத் துடைத்தார்.